ஐம்பதில் அரியர்

எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் வரும் சேதிகளை வைத்தே எங்கள் வயதைச் சொல்லிவிடலாம். முதலில் கிரகப்பிரவேசமும் புரொமோஷனும் வந்தன. பிறகு பிள்ளைகளின் கட்-ஆஃப் மார்க் வந்தது. பிள்ளைகள் ஒருவழியாகக் கரையேறிவிட்டதால், இப்போது அவரவர் மார்க்கை அவரவரே போட்டுக்கொள்கிறோம். மார்க் என்றால் ஹெச்பிஏ1சி.

5.7க்குக் கீழே இருந்தால் நார்மல். 6.5ஐத் தொட்டால் சர்க்கரை. குறைவாக எடுப்பவன்தான் இங்கே ரேங்க் ஹோல்டர். குறைந்த மார்க் வாங்கியே பழகிய கடைசி பெஞ்சுக்காரர்கள் 5.4, 5.5 என்று வரிசையாகப் போட்டுக் கைதட்டல் வாங்குகிறார்கள். நான் மட்டும் டிஸ்டிங்ஷன். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி கண்விழித்துத் தப்பிக்கும் என் பழைய வித்தையும் செல்லவில்லை. முந்தின நாள் வெறும் கஞ்சி குடித்தாலும், இரண்டு மூன்று மாதச் சராசரியை எடுத்து நீட்டிவிடுகிறது அந்த டெஸ்ட். நடுவில் உள்ளே போன மைசூர்பாகெல்லாம் வரிசையில் நின்று சாட்சி சொல்கிறது.

சேதி இப்படியென்றால், பொழுதுபோக்கு இன்னும் விசேஷம்.

ஹாஸ்டலில் முகத்தில் தண்ணீர் அடித்தால்தான் காலை லேபுக்கு எழுந்திருப்பான் ஒருவன். அவன் இப்போது மூன்றரை மணிக்கே எழுந்து சைக்கிளில் பிரெவே என்கிற நெடுந்தூர ஓட்டம் போகிறான். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டுமாம். வழியில் கன்ட்ரோல் என்று சில இடங்கள். அங்கங்கே நேரத்துக்குப் போய்ப் பதிவு வாங்க வேண்டும். நாலு வருஷமும் ப்ராக்ஸியிலேயே காலம் தள்ளியவன், இன்று காசு கட்டி, தொடை வலிக்க மிதித்து, தானே நேரில் ஆஜராகி அட்டெண்டன்ஸ் போட்டுக்கொள்கிறான். “மெடல் உண்டாடா?” என்று கேட்டேன். “உண்டு, அதுக்குத் தனியா பணம் கட்டணும்” என்றான்.

இன்னொருவன் பறவை பார்க்கிறான். என் ரெக்கார்ட் நோட்டைக் காப்பியடித்தே பாஸானவன் அவன். (நான் யாருடையதைக் காப்பியடித்தேன் என்பது இங்கே வேண்டாம்.) இப்போது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் நின்றுகொண்டு, தொடங்கிய நேரம், நடந்த தூரம், நாமக்கோழி எத்தனை, நீலத்தாழைக்கோழி எத்தனை என்று எண்ணி எண்ணி இ-பேர்ட் தளத்தில் ஏற்றுகிறான். 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்காக, வீட்டில் பொங்கல் பொங்கும்போது அய்யா ஏரிக்கரையில் இருக்கிறார். அவன் பேச்சைக் கேட்டு நானும் எங்கள் பால்கனியில் நின்று பட்டியல் எடுத்தேன்: மாடப்புறா, மாடப்புறா, காகம், மறுபடி மாடப்புறா. “எண்ணி முடிச்சாச்சுன்னா, அதுங்க பண்ணி வச்சிருக்கிறதையும் கழுவிடுங்க” என்று மனைவி வாளியைக் கையில் கொடுத்தாள்.

கெமிஸ்ட்ரி லேபில் பிப்பெட்டைப் பார்த்தாலே கை நடுங்கியவன் மாடித்தோட்டம் போட்டிருக்கிறான். போட்டவன் சும்மா இருக்கிறானா? பஞ்சகவ்யம் செய்முறையை அளவோடு அனுப்பினான். 7 கிலோ பசுஞ்சாணத்தில் 1 கிலோ நெய்யைப் பிசைந்து 3 நாள் வைக்க வேண்டும். பிறகு கோமியம் 10 லிட்டர், தண்ணீர் 10 லிட்டர். 15 நாள் கழித்துப் பால், தயிர், இளநீர், வெல்லம், வாழைப்பழம். 30 நாளில் தயாராகிவிடும். 3 சதவீதக் கரைசலாகத் தெளித்தால் செடி சிரிக்கும் என்றான்.

எங்கள் வீட்டில் இருப்பவை இரண்டே தக்காளிச் செடிகள். ஆனாலும் அவை சிரித்துப் பார்க்க எனக்கு ஆசை. நெய் டப்பாவோடு பால்கனிக்கு நழுவும்போது மாட்டிக்கொண்டேன்.

“எங்க போகுது நெய்?”

“சாணியில பிசையணும்.”

அவள் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “இட்லிப் பொடிக்கு ஒரு ஸ்பூன் கேட்டீங்க. கொலஸ்ட்ரால்னு நான்தான் தரல. சாணிக்குக் கொலஸ்ட்ரால் இல்லை, அதனால ஒரு கிலோ குடுக்கலாம். அப்படித்தானே?” என்றாள். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. டப்பா அலமாரிக்குத் திரும்பியது. தக்காளிச் செடிகள் இன்றுவரை உம்மென்றுதான் இருக்கின்றன.

உட்கார்ந்து யோசித்தால் விஷயம் புரிகிறது. விடியலில் எழுவது, அட்டெண்டன்ஸ், ரெக்கார்ட், லேப் என்று அன்றைக்கு எதற்கெல்லாம் டிமிக்கி கொடுத்தோமோ, அதையெல்லாம் ஐம்பது வயதில் சொந்தக் காசு போட்டு, மூட்டுக்குத் தைலம் தடவிக்கொண்டு செய்கிறோம். பொழுதுபோக்கு என்பது வெளியே சொல்லிக்கொள்ளும் பெயர். உண்மையில் மொத்த பேட்சும் அரியர் எழுதிக்கொண்டிருக்கிறது.

எல்லாப் பேப்பரையும் அப்போதே முடித்துவிட்ட எங்கள் கோல்டு மெடலிஸ்ட் மட்டும் ஒன்றுமே செய்வதில்லை. வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறான். குழுவில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதோடு சரி. கொடுத்துவைத்தவன் என்று பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். போன வாரம் அவனே தனியாகக் கூப்பிட்டான். குரலில் சுரத்தே இல்லை.

“பகல்ல படுத்தா தூக்கமே வரமாட்டேங்குதுடா. நீ கிளாஸ்ல உட்கார்ந்த வாக்கிலேயே தூங்குவியே, அதுவும் கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு. அது எப்படின்னு கொஞ்சம் சொல்லேன்.”

ஆக, அவனுக்கும் ஒரு பேப்பர் பாக்கி இருந்திருக்கிறது. அதில் நான் யூனிவர்சிட்டி ரேங்க். கோல்டு மெடலிஸ்ட் ஒருவன் என்னிடம் நோட்ஸ் கேட்கும் காலமும் வந்துவிட்டது. கட்டாயம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவன் எனக்குத் தந்த மாதிரியே, பரீட்சை முடிந்த மறுநாள்.