ஆரலுக்கு ஓர் உபசாரம்

கண்ணாடித் தொட்டியில் ஆரல் மீன் வளர்க்கத் துணிந்த கிருகஸ்தன், தலைதீபாவளிக்கு வந்து முகங்கொடுத்துப் பேசாத மாப்பிள்ளைக்கு விருந்து படைக்கும் மாமனாரின் அவஸ்தையை, பெண்ணைப் பெறாமலேயே அநுபவிக்கும் பாக்கியசாலியாவான். பகல் முழுவதும் மணலுக்குள் உடலைப் புதைத்து, கூர்மூக்கின் நுனியை மட்டும் வெளியே நீட்டி யோக நித்திரையில் ஆழ்ந்திருக்கும் அந்தப் பிராணி, காசு கொடுத்து வாங்கிய உலர்ந்த தீனியை ஏறிட்டும் பாராது. மண்புழுவோ, உறையவைத்த செம்புழுவோ சந்நிதானத்தைத் தேடி வரவேண்டும். அதுவும் விளக்கணைத்த பின்னர். அதுவும் நீண்ட இடுக்கியால், மூக்கருகே, பணிவோடு. அழைப்பின்றியே பந்தியில் அமரும் மற்ற மீன்கள் நைவேத்தியத்தை வழியிலேயே விழுங்கிவிடுமாதலால், அவற்றுக்கு வேறொரு மூலையில் முன்னதாகவே தீனி தூவி வாயடைப்பது ராஜதந்திரம்.

பெற்ற பிள்ளை சாப்பிட்டானா என்று விசாரிக்க அவகாசமில்லாத பெரிய மனிதர்கள், நள்ளிரவில் கையில் புழுவோடு கூடத்தில் குந்தியிருப்பது நாகரிகத்தின் அபிவிருத்தியையன்றி வேறெதைக் காட்டுகிறது? புது இடத்தில் சில நாள் உபவாசமிருப்பது ஆரலின் சுபாவம். ஒளிந்துகொள்ளக் குழாய்த் துண்டொன்றும், சருமத்தைக் கீறாத மிருதுவான மணலும் அளித்துப் பொறுத்திருந்தால், பெரும்பாலும் மனமிரங்கும். நம் நாட்டு ஆறுகளில் வாழும் ஒரு ஜாதி 90 சென்டிமீட்டர் வரை வளரும் என்பதை விற்பவர் ஏனோ சொல்வதில்லை. சாப்பிட வெளியே வரக் கூசும் இந்தச் சங்கோஜிக்கு, சிறு இடுக்கு வழியே ஓடிப்போவதில் மட்டும் சங்கோஜமே கிடையாது; ஆகையால், அன்பர்களே, தொட்டியின் மூடியை இறுகப் பொருத்துங்கள்.