விட்டுவிட்டுப் போங்க சார்

நாற்பத்து மூன்று வயதான ஒரு குடும்பஸ்தன் செய்யத்தக்க காரியங்கள் எத்தனையோ இருக்க, அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ஐ.ஐ.எம். கல்வி நிலையங்கள் நடத்தும் 'கேட்' என்னும் நுழைவுத் தேர்வுக்கு நான் 2023-ஆம் ஆண்டில் விண்ணப்பம் போட்டதற்குக் காரணம், எங்கள் அலுவலகத்துக்கு மேலதிகாரியாக வந்து சேர்ந்த இருபத்தேழு வயதுப் பிள்ளையாண்டான்தான். பதினெட்டு வருஷ காலம் நான் கட்டிக் காத்த கோப்புகளை அரை மணி நேரத்தில் புரட்டி முடித்து, "இதையெல்லாம் ஒரு பக்கத்தில் சொல்ல முடியாதா?" என்று அவர் மிகுந்த மரியாதையோடு கேட்டார். சொல்ல முடியும்தான், எனக்குத்தான் அதுவரை தோன்றவில்லை. அன்றிரவே விசாரித்ததில், அந்தத் தேர்வுக்கு வயது வரம்பே கிடையாதென்றும், பட்டமும் அதில் ஐம்பது சதவிகித மதிப்பெண்ணும் இருந்தால் போதுமென்றும் தெரியவந்தது. பட்டம் இருந்தது, மதிப்பெண்ணும் மயிரிழையில் இருந்தது.

தேர்வு மூன்று பகுதிகள் கொண்டது; ஒவ்வொன்றுக்கும் 40 நிமிஷம். முதற் பகுதியான ஆங்கிலத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இரண்டாம் பகுதி இன்னதென்றே புரியாததால் அதைப் பற்றியும் கவலையில்லை. மூன்றாவதான கணிதமே என்னைக் கலக்கியது. பெரும்பாலும் பத்தாம் வகுப்புச் சரக்குதான் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். பத்தாம் வகுப்பில் நான் எப்படியிருந்தேன் என்பதை அறியாதவர்கள் மட்டுமே சொல்லக்கூடிய ஆறுதல் அது. எங்கள் பூர்வீகம் கும்பகோணத்தை அடுத்த கிராமம். அந்த ஊர்க் கல்லூரியில் படித்த ராமானுஜன் கணிதம் தவிர்த்த மற்றப் பாடங்களில் தவறியவர் என்பது உலகறிந்த சரித்திரம்; அவர் தேறிய அந்த ஒரே பாடத்தில் தவறுவதற்கென்றே அந்தப் பிரதேசத்தில் பிறந்தவன் நான்.

ஆகவே ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். கணித ஆசிரியருக்கு இருபத்து நான்கு வயதிருக்கலாம். ஆசிரியர் என்பதற்காக நான் அவரைச் சார் என்றேன். அவர் என் நரையைக் கருதி என்னைச் சார் என்றார். இப்படி இருவரும் மாறிமாறிச் சார் போட்டுக்கொண்டதில் முதல் வாரம் கழிந்தது. அவர் உபதேசித்த மந்திரம் ஒன்றே ஒன்றுதான். 22 வினாக்களுக்கு 40 நிமிஷமென்றால் ஒன்றுக்கு இரண்டு நிமிஷம்கூட இல்லை, சரியான விடைக்கு மூன்று மதிப்பெண், தெரிவு கொடுத்துக் கேட்கும் வினாவில் தவறினால் ஒன்று போய்விடும், தொடாமலிருந்தால் நஷ்டமில்லை. எனவே, "வரலைன்னா விட்டுவிட்டுப் போங்க சார்" என்பார். கணக்குப் போடத் தெரிவதைவிட எந்தக் கணக்கைப் போடாமலிருப்பது என்று தெரிவதே அந்தத் தேர்வின் ரகசியமாம்.

இதை என் தகப்பனாரிடம் சொன்னது நான் செய்த பிழை. அவர் எங்கள் கிராமத்துக் கணக்கெழுதும் கர்ணமாக இருந்தவர். பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளை அரசாங்கம் ஒரேயடியாக ஒழித்த 1980-ஆம் ஆண்டில்தான் நானும் பிறந்தேன். இவ்விரு சம்பவங்களில் எது தமக்குப் பெரிய நஷ்டம் என்று அவர் இன்றுவரை தீர்ப்புச் சொன்னதில்லை. எண்பத்து நான்கு வயதிலும், முந்திரியென்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, காணியென்றால் எண்பதில் ஒன்று, மாகாணியென்றால் பதினாறில் ஒன்று என்று எண்சுவடி வாய்ப்பாடு அவர் நாவில் தடையின்றி ஓடும். ஒரு காசு இடிக்கிறதென்று அடங்கலையும் சிட்டாவையும் விடியவிடிய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரிடம் போய், கணக்கை விட்டுவிட்டுப் போவதும் ஒரு வித்தை என்று சொன்னால் எப்படியிருக்கும்? "ஜமாபந்தித் தணிக்கைக்கு வந்த தாசில்தாரிடம், 'வரவில்லை, விட்டுவிட்டேன்' என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமாடா?" என்றார். அத்துடன் என் புத்தகத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

அன்று முதல் கணக்குகளை அவரே வாசித்தார். வாசித்த கையோடு விசாரணையும் நடத்தினார். ஒரு குழாய் தொட்டியை நிரப்பிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு குழாய் காலி செய்வதாக வரும் கணக்கில், அந்த இரண்டாவது குழாயைத் திறந்துவிட்டவன் யார், அவன்மேல் என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று கேட்டார். பாலைக் கொள்முதல் விலைக்கே விற்கும் ஒரு பால்காரன் தண்ணீர் கலந்து 25 சதவிகிதம் லாபம் பார்க்கிறான், கலவையில் தண்ணீர் எவ்வளவு என்ற கணக்குக்கு நான் 'எக்ஸ்' என்று வைத்துக்கொண்டு காகிதத்தில் பாதிவரை இறங்கியிருந்தபோது, அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடியே, "நாலு படி பாலுக்கு ஒரு படி தண்ணீர். அஞ்சில் ஒரு பங்கு. இதற்கா இவ்வளவு காகிதம்?" என்றார். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 20 சதவிகிதம் என்று அச்சிட்டிருந்தது.

ஆனால் அவரையும் ஒரு கணக்கு நிறுத்தி வைத்தது. எதிரெதிர்த் திசையில் ஒரே நேரத்தில் புறப்படும் இரண்டு ரயில்கள் வழியில் சந்திக்கின்றன. சந்தித்த பிறகு ஒன்று 4 மணி நேரத்திலும் மற்றது 9 மணி நேரத்திலும் தத்தம் ஊர் போய்ச் சேர்கின்றன. அப்படியானால் சந்திக்க எத்தனை மணி நேரம் பிடித்தது? தூரமும் தெரியாது, வேகமும் தெரியாது. கொடுத்திருக்கும் விவரம் போதாதென்று மனுவைத் திருப்பி அனுப்பும் தோரணையில் புத்தகத்தை மூடிய அப்பா, இரவு இரண்டு மணிக்கு என்னை எழுப்பி, "ஆறு மணி நேரம்" என்றார். முதல் ரயில் இனிமேல் கடக்க வேண்டிய தூரம் இரண்டாவது ஏற்கெனவே கடந்த தூரந்தானே, அதுபோலவே இரண்டாவது இனிமேல் கடக்க வேண்டியது முதல் ரயில் கடந்த தூரம். ஆகையால் நாலுக்குச் சந்திக்கப் பிடித்த நேரம் எப்படியோ, அப்படியே அந்த நேரத்துக்கு ஒன்பது. நாலையும் ஒன்பதையும் பெருக்கினால் முப்பத்தாறு, அதற்கு வர்க்கமூலம் ஆறு. மறுநாள் வகுப்பில் ஆசிரியர் இதே கணக்கைச் சூத்திரத்தால் பத்து விநாடியில் முடித்தார். எனக்கென்னவோ இரவு இரண்டு மணி விடைதான் ருசித்தது. என் தேர்வு பாழானது அந்த ருசியினால்தான்.

நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கைக்கடிகாரம் கூடாதென்று கழற்றி வைக்கச் சொல்லி, குறித்துப் பார்க்கக் காகிதம் கொடுத்துக் கணினியின் முன் உட்காரவைத்தார்கள். திரையிலேயே ஒரு கால்குலேட்டரும் இருந்தது; அதில் ஒவ்வோர் எண்ணாக மௌஸால் தட்டுவதைக் காட்டிலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். கணிதப் பகுதியில் ஏழாவது வினாவில் நான் சிக்கிக்கொண்டேன். வினாக்களை வெளியிடுவதில்லையென்று எழுதுபவர் ஒவ்வொருவரும் உடன்படிக்கை செய்துகொள்கிறபடியால் அது இன்னதென்று நான் சொல்லக் கூடாது. அதில் ரயில் இல்லை என்பதை மட்டும் சொன்னால் குற்றமாகாது என்று நம்புகிறேன். விட்டுவிட்டுப் போங்க சார் என்று ஒரு காதில் ஆசிரியர். ஜமாபந்தி தாசில்தாருடன் மறு காதில் அப்பா. பதினொரு நிமிஷம். விடை வந்தது. தலை நிமிர்ந்து பார்த்தபோது, மிச்சமிருந்த பதினைந்து வினாக்களைப் படித்துப் பார்க்கத்தான் நேரம் இருந்தது. அவற்றில் ஐந்தாறு எனக்குத் தெரிந்தவை என்று கண்டது வேறு வயிற்றெரிச்சல்.

முடிவு வந்தது: 58 பெர்சன்டைல். நூற்றுக்கு ஐம்பத்தெட்டு வாங்கிவிட்டதாக மனைவி மகிழ்ந்து பாயசம் வைத்தாள். நான் அதைத் திருத்தவில்லை. அப்பா மட்டும் பெர்சன்டைல் என்றால் என்னவென்று துருவித் துருவிக் கேட்டறிந்து, மொத்தம் எழுதியவர்கள் ஏறக்குறைய 2,88,000 பேர் என்பதையும் கறந்துகொண்டு, கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தார்.

"உனக்கு முன்னால் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் நிற்கிறார்கள். நம்ம பிர்க்கா முழுவதும் அவ்வளவு ஜனம் கிடையாது" என்றார். பிறகு பாயசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "அந்தப் பதினொரு நிமிஷக் கணக்கு?" என்று கேட்டார்.

"சரிதான், அப்பா. மூன்று மதிப்பெண்."

"பின்னே என்ன?" என்று சொல்லிவிட்டு என் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டார். இந்த வருஷம் அவர் நிகழ்தகவுப் பகுதியில் இருக்கிறார். தினம் பத்துக் கணக்கு, ஒன்றையும் விடுவதில்லை. தேர்வுக்கு வயது வரம்பு கிடையாதுதான். ஆனால் பட்டம் வேண்டும். அப்பா படித்தது எஸ்.எஸ்.எல்.சி. மட்டுமே.