அண்ணனின் வலது கால்

லாரி ஆபீசில் 19 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். எந்த வண்டி எத்தனை லிட்டர் குடித்தது, எந்த டயர் எந்த ஊரில் வெடித்தது, யாருக்கு எவ்வளவு படி பாக்கி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். லாரி ஓட்ட மட்டும் தெரியாது. தெருவுக்குத் தெரு லாரிக்கு பாடி கட்டும் நாமக்கல்லில் இது கொஞ்சம் மறைத்து வைக்க வேண்டிய விஷயம். ஒருநாள் டீசல் கணக்கு உதைக்கிறதே என்று ஒரு டிரைவரைக் குடைந்தேன். "ஒருக்கா லைனுக்குப் போய்ட்டு வந்து அப்புறமேட்டுக்குக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

43 வயதில் ரோஷம் வந்தால் முதுகுவலியைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் வரும். கனரக வாகன லைசென்சுக்கு கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும். 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். முதலாவது சரி. இரண்டாவது எனக்கு இரண்டு தடவை நிரம்பியிருந்தது. மருத்துவச் சான்றிதழுக்குப் போனபோது டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தபடி, "வீட்ல ஏதாச்சும் பிரச்சனைங்களா?" என்று கேட்டார்.

டிரைவிங் ஸ்கூல் லாரி எனக்குச் சித்தப்பா முறை ஆகும். காலி வண்டி என்பதால் எடுத்ததும் இரண்டாவது கியர்தான். மைதானத்தில் நாலு சுற்று, ஒரு ரிவர்ஸ், ஒரு மேடு. லைசென்ஸ் வந்துவிட்டது. பேருக்கு முன்னால் பட்டம் போட்டுக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன்.

முதலாளி என்னை இருப்பதிலேயே மூத்த டிரைவரோடு அனுப்பினார். அவர் எல்லோருக்கும் அண்ணன், முதலாளிக்கும் அண்ணன். "இவரு ஓட்டிப் பழகட்டுங்ண்ணா. வண்டி மட்டும் முழுசா வந்தாப் போதும்" என்றார் முதலாளி. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பத்து வீல் வண்டி. சரக்கோடு சேர்த்து 28.5 டன் வரை போகலாம். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றினோம். மகாராஷ்டிரத்தில் விரத நாளில் ஜவ்வரிசிக் கிச்சடிதான் ஆகாரம். அங்கே அவர்கள் பட்டினி கிடப்பதற்கு இங்கிருந்து லாரி லாரியாகச் சாப்பாடு போகிறது!

ஸ்டீயரிங்கைத் தொடுவேன் என்று நினைத்தேன். தொட்டது கயிற்றை. ஜவ்வரிசி மூட்டையில் ஒரு சொட்டு மழை பட்டாலும் கதை முடிந்தது. தார்ப்பாயை இழுத்து மடித்து, கயிறு போட்டு, கொக்கியில் மாட்டி, உடம்பையே பின்னால் சாய்த்து இறுக்க வேண்டும். நான் கட்டிய முடிச்சை அண்ணன் சுண்டுவிரலால் தட்டினார். அவிழ்ந்தது. "இது மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக் கழுத்துல கட்டறது கண்ணு" என்றார்.

அடுத்து டயர். டீக்கு நிறுத்தினால் முதல் டீ டயருக்குத்தான் என்பது போல, இரும்புக் கம்பியோடு என்னை இறக்கிவிட்டார். ஒவ்வொன்றாகத் தட்டினால், காற்று சரியாக இருக்கும் டயர் ‘டொங்’ என்று கம்பியைத் திருப்பித் தள்ளும். குறைந்திருந்தால் ‘தொப்’ என்று வாங்கிக்கொள்ளும். பின்னால் இரண்டிரண்டாக நிற்பதில் வெளி டயர் கம்பீரமாக இருக்கும். உள்ளே இருப்பது செத்துக் கிடக்கும். இரண்டுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். வேகத்தில் அது தெறித்தால் பின்னால் வருகிறவன் கண்ணாடி போய்விடும். தும்கூருக்குள் எனக்கு ஓரளவு டயர் பாஷை வந்துவிட்டது. ஆபீசில் ‘டயர் செலவு’ என்று ஒரே வரியில் எழுதித் தள்ளியவன்தானே நான்.

சித்ரதுர்கா தாண்டி ஒரு சின்ன மேட்டில் நிறுத்தி, "ம், உக்காரு" என்றார். சாவியைத் திருப்பிவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். "காத்து ஏறட்டும்" என்றார். ஏர் பிரேக்கில் காற்று இருந்தால்தான் பிரேக் விடும். இல்லாவிட்டால் வண்டி பிடித்துக்கொண்டு நிற்கும். முள் மெல்ல மெல்ல ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏறியது. வழக்கம்போல இரண்டாவது கியர் போட்டுக் கிளட்சை விட்டேன். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. மறுபடி இரண்டாவது. மறுபடி குலுக்கல். பின்னால் ஹாரன்கள் கன்னடத்தில் பேசத் தொடங்கின.

"இஸ்கோல் நெனப்பைக் கீழ எறக்கி வெச்சுட்டு ஒண்ணாவது போடு கண்ணு. இப்ப முதுகுல மூட்டை இருக்குதில்ல" என்றார்.

ஒன்றாவதில் வண்டி யானை எழுந்திருப்பது போல நிதானமாகக் கிளம்பியது. அண்ணன் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டார். அடடா, நம்மேல் என்ன நம்பிக்கை என்று பூரித்துக் கீழே பார்த்தேன். அவருடைய வலது கால் விரைப்பாக நீட்டியிருந்தது. முன்னால் ஒரு டெம்போ தெரிந்தால் போதும், அந்தக் கால் இல்லாத பிரேக்கை அழுத்தும். நான் மிதிப்பதற்கு எப்போதும் முந்நூறு அடி முன்னாலேயே அழுத்தியது. ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர் வரை ரோட்டைப் பார்த்த நேரத்தைவிட அந்தக் காலைப் பார்த்த நேரமே அதிகம். அது அழுத்தினால் நானும் அழுத்துவேன்.

புனே குடோனில் ரிவர்ஸ் எடுத்தது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நாற்பது நிமிஷம். "வரட்டும், வரட்டும், ஒடி, ஒடி, ஐயோ அந்தப் பக்கமில்ல!" என்று அண்ணன் ஒரு பக்கம், மூட்டை தூக்குகிறவர்கள் மராத்தியில் ஒரு பக்கம். அவர்கள் சொன்னதற்கு அர்த்தம் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

திரும்பும்போது சாக்கனில் சேலத்துக்கு வெங்காயம் ஏற்றினோம். ஜவ்வரிசிக்குக் காற்றுப் புகாமல் மூடியவன் அதே மாதிரி இறுக்கி மூடப் போனேன். "அது மூச்சு விடோணும், வேவ வெச்சறாத" என்று தார்ப்பாயைத் தூக்கிக் கட்ட வைத்தார். நல்லவேளை, இந்த முறை முடிச்சைத் தட்டிப் பார்க்கவில்லை.

தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாய். சேலம் பக்கம் முழுக்க இறக்கம். டீசல் மிச்சம் என்று நினைத்து நியூட்ரலில் விடுவார்கள். பிரேக்கையே மிதித்து மிதித்து டிரம் காய்ந்து, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. அப்படிப் போய் மோதிய வண்டிகளைப் பற்றிப் பேப்பரில் எத்தனையோ படித்திருக்கிறேன். ஒரு லிட்டர், அரை லிட்டர் மிச்சம் காட்டிய டிரைவர்களுக்குப் பேரேட்டில் சிவப்பு மையில் டிக் அடித்தவனும் நான்தான். அவர்கள் அந்த அரை லிட்டரை எந்த இறக்கத்தில் மிச்சம் பிடித்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"எந்தக் கியர்ல ஏறுவயோ அந்தக் கியர்லயே எறங்கு" என்று சொல்லிவிட்டு அண்ணன் துண்டைப் போட்டுக்கொண்டார். கியரைக் குறைத்தேன். இன்ஜின் முனகியது. டேங்கர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டியது. கார்கள் தாண்டின. பின்னால் கீரைக்கட்டோடு ஒரு மொபெட் தாண்டியது. அதில் இருந்த பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். நான் அசையவில்லை.

கீழே இறங்கியதும்தான் காலைப் பார்க்க ஞாபகம் வந்தது. அது மடங்கிக் கிடந்தது. துண்டுக்கு அடியில் குறட்டை, நிஜக் குறட்டை.

அந்தச் சந்தோஷத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினேன் என்று தெரியாது. வண்டியும் நானும் வெங்காயமும் சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டே போனோம். திடீரென்று குறட்டை நின்றது. அண்ணன் துண்டை விலக்கி வெளியே பார்த்தார். சேலம் எப்போதோ பின்னால் போயிருந்தது. மல்லூர் வந்திருந்தது.

"ஏங்கண்ணு, லோடு வெங்காயத்தையும் உங்க ஊட்டுக்கா கொண்டு போற?"