மிலான் போய் வந்தவர்

டீ ஆறிப்போயிருந்தால் மிலான். கரண்ட் போனால் மிலான். நூல் விலை ஏறினாலும் இறங்கினாலும் மிலான். குமாரபாளையத்தில் காவிரிப் பாலத்துப் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இப்படி ஒருவர் அகப்படுவார். 24 தறி, ஒரு புல்லட், 2023 ஜூன் மாதத்தில் மிலானில் நடந்த இட்மா ஜவுளி இயந்திரக் கண்காட்சிக்கு ஒரு குழுவோடு போய் வந்த பெருமை. கண்காட்சி நடந்தது ஏழு நாள். நம்மவர் சொல்வது அதில் ஒரே ஒரு நாளின் கதை. அந்த நாளுக்கு இன்னும் பொழுது சாயவில்லை.

காலையில் ஹோட்டலில் எழுந்ததும் பல் விளக்கவில்லை. சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற, இழை எண்ணும் குட்டிக் கண்ணாடியை எடுத்துக் குளியல் துண்டின் மேல் வைத்தார். எண்ணி முடித்து உதட்டைப் பிதுக்கினார். ரொட்டியில் பருப்புப் பொடியைத் தூவிச் சாப்பிட்டார். கைக்கடிகாரத்தை மாற்றவே இல்லை. மூன்றரை மணி நேரம் கழித்தால் மிலான், கழிக்காவிட்டால் ஊர். வீட்டிலிருந்து போன்.

"ஏனுங்க, சாப்புட்டீங்களா?"

"ஆச்சு. கரண்ட் இருக்குதா? எட்டாம் நம்பர் தறி ஓடுதா?"

சம்சாரம் போனை வைத்துவிட்டார்.

சிவப்பு மெட்ரோ பிடித்து, கடைசி ஸ்டேஷன் ரோவில் இறங்கினால் கண்காட்சி. அங்கே ரேப்பியர் தறி ஒன்றின் முன்னால் நின்றவர் நகரவில்லை. அதில் நாடா கிடையாது. ஒரு பக்கத்துக் கை ஊடையைப் பாதிவரை கொண்டுவரும். மறுபக்கத்துக் கை வாங்கிக்கொண்டு போகும். "சீர்த்தட்டுக் கைமாத்துற மாதிரிங்க. ஆனா மாமனும் மச்சானும் நிமிசத்துக்கு அறுநூறு தடவை மாத்துறாங்க." நம்ம ஊர்ச் சாதாத்தறி அந்த நிமிடத்தில் நூறு, நூற்றைம்பது ஊடைதான் போடும். அதை இப்போது சொல்லும்போதும் அவர் குரல் தணியும், வீட்டுப் பெரியவரின் உடம்பு நிலையைச் சொல்கிற மாதிரி.

"எத்தனை மெஷின் வேணும்?" என்று கேட்டானாம் விற்பனைக்காரன். இவருக்கு அவன் பாஷை தெரியாது. அவனுக்கு இவர் பாஷை தெரியாது. அதனால் இருவரும் மனம்விட்டுப் பேசியிருக்கிறார்கள். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவச மின்சாரம் உண்டு, முன்பு 750தான், இந்த மெஷின் அதற்குள் அடங்குமா என்று நம்மவர் விரல்விட்டு விளக்கினார். ஆயிரம் மெஷின் ஆர்டர் என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ, உடனே நாற்காலி வந்தது, காபி வந்தது. "காபியாங்க அது? போலியோ சொட்டு மருந்து." பதிலுக்கு இவர் பையிலிருந்து கச்சாயம் எடுத்துக் கொடுத்தார். கலாச்சாரப் பரிமாற்றம் என்று குழுவின் பயணத்தாளில் அச்சிட்டிருந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

மாலையில் லியனார்டோ டாவின்சியின் 'கடைசி விருந்து'. முன்பதிவு வேண்டும், உள்ளே நிற்கக் கால் மணி நேரம்தான். காட்டிக்கொடுத்த யூதாஸைக் கைடு காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது நம்மவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விரிப்புல நீலக்கோடு பார்டருங்க. டாபியில போட்டாப்ல இருக்குது. மடிப்புத் தடம்கூட அப்படியே. புதுத்துணி."

"யூதாஸ் எப்படி இருந்தார்?"

"அந்த ஆளை நான் கவனிக்கலீங்க."

ஈரச் சுண்ணத்தில் வரையாமல் காய்ந்த சுவரில் வரைந்ததால், 1498 வாக்கில் முடித்த ஓவியம் லியனார்டோ உயிரோடு இருக்கும்போதே உதிர ஆரம்பித்துவிட்டது என்று கைடு சொன்னதை மட்டும் காதில் வாங்கியிருக்கிறார். "சாயம் சரியா ஏத்தல. நம்ம பட்டறையில இப்படிப் பண்ணுனா கூலி கெடையாதுங்க."

மெஷின் எதுவும் வாங்கவில்லை. ஊர் திரும்பிய வாரமே அந்த நீலக்கோட்டை நினைவிலிருந்து வரைந்து, எட்டாம் நம்பர் தறியில் துண்டுக்குப் பார்டராக ஏற்றிவிட்டார். ஈரோடு ஜவுளிச் சந்தைக்கு முதல் கட்டைக் கொண்டுபோனபோது மிலான், மேசை, பதின்மூன்று பேர் என்று வியாபாரியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். வியாபாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, விரல் நுனியை எச்சிலில் நனைத்து நீலக்கோட்டை அழுத்தித் தேய்த்துப் பார்த்தாராம்.