ஃபார்ம் அனுப்புகிறவர்

எந்த அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்தாலும் இவர் ஒருவர் இருப்பார். சங்கத்தின் செயலாளர், அல்லது அடுத்த வருடம் செயலாளர். வாட்ஸப் குழுவில் காலை வணக்க ரோஜாவுக்குக் கீழே இவருடைய கூகுள் ஃபார்ம் வந்து விழும்: ‘2 நிமிடம்தான், அனைவரும் தவறாமல் நிரப்பவும்.’ திறந்தால் 34 கேள்விகள். ஒவ்வொன்றின் வால் நுனியிலும், விட்டால் விடமாட்டேன் என்று ஒரு சிவப்பு நட்சத்திரம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஓர் ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ள இந்திய அரசுக்கே 29 கேள்விகள் போதுமாக இருந்தன. இவர் விசாரிப்பது தண்ணீர் லாரியைப் பற்றி.

இவருக்குக் கேள்வி கேட்கத் தெரியவில்லை என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். அது இவர் திறமையைக் குறைத்து மதிப்பிடுவது. ஏழாவது கேள்வியைப் பாருங்கள்: ‘சங்கத்தின் அயராத முயற்சியால் தண்ணீர்ப் பிரச்சினை எந்த அளவு குறைந்துள்ளது? மிகவும் / கணிசமாக / ஓரளவு.’ குறையவே இல்லை என்பவர் ஒதுங்கக்கூட இதில் திண்ணை இல்லை. பன்னிரண்டாவது: ‘லிஃப்ட் பராமரிப்பும் செக்யூரிட்டியின் பணியும் திருப்தியா?’ லிஃப்ட் ஓடுகிறது, செக்யூரிட்டி தூங்குகிறார். இதற்கு ஆம் போடுவதா, இல்லை போடுவதா? பத்தொன்பதாவது: ‘கட்டணத்தை உயர்த்தக் கூடாது என்பதை நீங்கள் ஏற்கவில்லையா?’ எந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்பது எண்ணும்போது இவருக்கு மட்டும் தெரியும். ஆக, பதில் முதலிலேயே தயார். படிவம் அதற்குக் கையெழுத்து வாங்கும் நோட்டீஸ்.

ஒரு சொல் முன்னே பின்னே இருந்தால் குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் 1940-இல், ஜனநாயகத்துக்கு எதிரான பேச்சை ‘அனுமதிக்கலாமா’ என்று கேட்டபோது கூடாது என்றவர்கள் 62 சதவீதம். அதையே ‘தடைசெய்ய வேண்டுமா’ என்று கேட்டபோது ஆம் என்றவர்கள் 46 சதவீதம்தான். 1992-இல் ரோப்பர் கருத்துக்கணிப்பு நிறுவனம், யூதப் படுகொலை ‘நடக்கவே இல்லை என்பது சாத்தியமா, சாத்தியமில்லையா’ என்று சுற்றி வளைத்துக் கேட்டது. 22 சதவீதம் பேர் சாத்தியம் என்றார்கள்; நாடே திடுக்கிட்டது. கேள்வியை நேராக்கி 1994-இல் மறுபடி கேட்டால், அது 1 சதவீதம். அவர்கள் தொழில்காரர்கள், மறுபடி கேட்டார்கள். நம்மவர் பை சார்ட் போட்டுவிடுவார்.

‘நூற்றைம்பது வீட்டுக்காரர்கள் நிரப்பியிருக்கிறார்களே!’ என்பது இவரது பிரம்மாஸ்திரம். லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகைக்கு 1936-இல் இருபது லட்சத்துக்கும் மேல் விடைச்சீட்டுகள் வந்தன. அதை வைத்து, அமெரிக்க அதிபர் தேர்தலில் லாண்டன் ஜெயிப்பார் என்றது. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டு போனார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களைப் பார்த்துத்தான் பெரும்பாலும் சீட்டு அனுப்பியிருந்தார்கள். நம் குழுவில் வாடகைக்காரர்கள் கிடையாது. தண்ணீர் வராத நாளில் குடம் தூக்குவது அவர்கள்தான்.

கேட்காமலே முடிவெடுப்பவர்களுக்கு நடுவே, இவர் கேட்கவாவது செய்கிறாரே என்பதுதான் கொஞ்சம் யோசிக்க வைக்கும் வாதம். ஆனால் கேட்காதவரிடம் சண்டை போடலாம். கேட்டவரிடம் போட முடியாது. ‘நீங்கதானே சார் டிக் பண்ணீங்க’ என்று திரையைக் காட்டுவார். உண்மையாகவே பதில் வேண்டுமென்றால் வழி சுலபம்: அனுப்புவதற்கு முன் நாலு பேரை நிரப்பச் சொல்லி, எந்த இடத்தில் விரல் நிற்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்தால் போதும். அதையும் இவர் செய்யாமலில்லை, வீட்டம்மாவிடம் காட்டுவார். ‘தண்ணி வரலேன்னு எங்கங்க போடறது?’ என்பார் அந்த அம்மாள். ‘அதான் கடைசியில “இதர கருத்துகள்”னு பெட்டி வச்சிருக்கேனே!’ அந்தப் பெட்டியில் எண்பத்தாறு பேர் தண்ணி வரவில்லை என்று எழுதுவார்கள். பொதுக்குழுவில் காட்டும் பை சார்ட்டில் அது ‘இதர’ என்று இளஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும்.