நூறாவது கதவைப் பூட்டி வைலே

ஏலே பேராண்டி, அரபுக் கதை எழுதுதேன்னே. அதுவும் படிக்கிறவனே வழியைத் தேர்ந்தெடுத்துப் போற கம்ப்யூட்டர் கதைன்னே. சந்தோசம். எழுதினதை வாசிச்சுக் காட்டுனியே, அதுல பூதம் இருக்கு, விளக்கு இருக்கு, கம்பளம் பறக்கு, பத்தடிக்கு ஒரு ஒட்டகம் நிக்கு. ஒட்டகத்தைக் கொஞ்சம் கொறைச்சுக்கோ. அத்தனைக்கும் தீவனத்துக்கு எங்க போவே?

விளக்கைக் கொண்டுபோயிப் பாலைவனத்துல பொதைச்சு வச்சிருக்கியே, அலாவுதீன் எந்த ஊர்க்காரன்னு தெரியுமா? கதையிலேயே அவனைச் சீனத்துப் பயன்னுதான் சொல்லியிருக்கு. அந்தக் கதை பழைய அரபு ஏட்டுலயே கெடையாது. அலெப்போவுல இருந்து பாரிஸுக்குப் போன ஹன்னா தியாப்னு ஒரு வாலிபன், 1709-ல அந்த்வான் கலான்கிற பிரெஞ்சுக்காரர்கிட்ட வாயால சொன்னது. அவரு அதை ஆயிரத்தொரு இரவுகளோட சேத்து அச்சுல ஏத்திட்டாரு. சொன்னவன் பேரைப் போடலை. நீயும் உன் விளையாட்டுல என் பேரைப் போடமாட்டே, அது எனக்குத் தெரியும்.

சரி, விசயத்துக்கு வாரேன். நீ கேக்குற முதக் கேள்வியே 'வலது பக்கமா, இடது பக்கமா'ன்னு இருக்கு. ரெண்டு பக்கமும் மணலு. எங்கிட்டுப் போனா எனக்கென்ன? செம்படவன் வலையில வந்த ஜின்னைப் பாரு. சுலைமான் ராசா முத்திரை குத்தி, ஜாடியில அடைச்சு, கடல்ல போட்டிருந்தாங்க. முதல் நூறு வருசம், தொறந்துவிடுறவனைப் பணக்காரனாக்குவேன்னு நெனைச்சுக்கிட்டு இருந்துச்சு. ஒருத்தரும் வரலை. வருசம் போகப் போக வெறி ஏறி, இனிமே எவன் தொறந்தாலும் கொல்லுவேன், எப்படிச் சாகணும்கிறதை மட்டும் அவனே சொல்லிக்கிடட்டும்னு முடிவு கட்டிருச்சு. நீயா இருந்தா அதுக்கும் நாலு பட்டன் வச்சிருப்பே: வாளு, தீ, தண்ணி, கழுத்து நெரிப்பு. செம்படவன் ஒண்ணையும் அமுக்கலையே. 'இம்புட்டுப் பெரிய உடம்பு இந்தச் சின்ன ஜாடிக்குள்ள எப்படிய்யா கெடந்துச்சு, நான் நம்பமாட்டேன்'னான். ஜின்னு ரோசப்பட்டு உள்ள போயிக் காட்டுச்சு. மூடியைப் போட்டுட்டான். அந்தக் கேள்வியைக் கேக்க உன் விளையாட்டுல எங்கலே எடம்? படிக்கிறவன் தன் வாய்க்கு வந்ததை அடிச்சுப் பாக்க ஒரு காலிக் கட்டமாவது விட்டு வை. கெட்ட வார்த்தைதான் முதல்ல வரும். வரட்டும், ஜின்னு கேக்காத வசவா?

பக்கிரி ஒருத்தன் கதையைக் கேளு. அவன் தங்கியிருந்த எடத்துல நாப்பது பொண்ணுங்க, நாப்பது நாளு ஊருக்குப் போறாளுக. நூறு அறைச் சாவியையும் அவன் கையில குடுத்து, தங்கக் கதவை மட்டும் தொடாதேன்னு சொல்லிட்டுப் போறாளுக. தொண்ணூத்தொம்பதையும் தொறந்து பழம், பூ, பறவை, ரத்தினம் எல்லாம் பாத்தான். பத்தலை. நூறாவதைத் தொறந்தான். உள்ள கருங்குதிரை. ஏறி உக்காந்தவனைத் தூக்கிட்டுப் பறந்துபோயி எறக்கிவிட்டு, வாலை ஒரு சுழட்டு சுழட்டி ஒத்தக் கண்ணை எடுத்துருச்சு. நீ அந்தக் கதவு முன்னால நின்னு 'தொறக்கவா, வேண்டாமா'ன்னு கேப்பே. மட்டி! வேண்டாம்னவனுக்கு மேற்கொண்டு கதை ஏது? கேக்காதே. சாவியைக் குடு, தொடாதேன்னு சொல்லு, திண்ணையில போயி உக்காந்துக்கோ.

1985-ல எரிக் கோல்ட்பர்க்னு ஒருத்தர் 'டேல்ஸ் ஆஃப் தி அரேபியன் நைட்ஸ்'னு ஒரு பலகை விளையாட்டு செஞ்சாரு. அவருக்கு இந்தச் சூட்சுமம் தெரிஞ்சிருக்கு. பாக்தாத்துல கெளம்பி, வழியில சந்திக்கிறவனுக்கு உதவலாம், திருடலாம், ஒதுங்கிப் போகலாம். என்ன நடந்துச்சுங்கிறதைப் பக்கத்துல இருக்கிறவன் தடிப் புஸ்தகத்தைப் புரட்டி வாசிக்கணும். ஒருத்தன் நல்லது செய்யப்போயி மிருகமா மாறுவான், இன்னொருத்தனுக்குக் கலியாணம் ஆயிரும். இதுல எது சாபம்னு உன் ஆச்சிகிட்டக் கேளு.

அதுக்கெல்லாம் முந்தி, டமாஸ்கஸ் காப்பிக்கடையில ஹக்கவாத்தின்னு கதைசொல்லி உண்டு. அப்படி ஒருத்தன், கதை நாயகன் அந்தரைச் செறையில போட்ட எடத்துல ஏட்டை மூடி, மிச்சம் நாளைக்குன்னுட்டு வீட்டுக்குப் போயிட்டானாம். ராத்திரி ஒரு ஆளு வந்து கதவை இடிச்சிருக்கான்: அந்தர் உள்ள கெடக்கும்போது எனக்குச் சோறு எறங்கலை, தூக்கம் வரலை, இப்பவே வெளிய விடுன்னு. கதைசொல்லி எந்திரிச்சு, ஏட்டை எடுத்து, விடுதலை பண்ணித்தான் அனுப்பியிருக்கான். உன் கம்ப்யூட்டரு வீட்டுக் கதவை எவனாவது அப்படித் தட்டுவானாலே?

தட்டுற மாதிரி எழுது. முடிச்சதும் முதல்ல எங்கிட்டக் கொண்டா, நூறாவது கதவை நாந்தான் தொறப்பேன். எனக்கு எடது கண்ணுல ஏற்கெனவே புரை. குதிரைகிட்ட முன்கூட்டியே சொல்லி வை, அந்தப் பக்கமா வாலை வீசச் சொல்லு.