இரண்டு சக்கரமும் ஒரே பக்கத்திலயோ?

வா மோனை, இரு. காசு கேட்டு வாற பேரனுக்கு முதல்ல கோப்பி, பிறகுதான் பதில். அப்பப்பாவுக்கு மறதி கூடிப் போச்செண்டு கொம்மாவுக்குச் சொன்னியாம். இருக்கட்டும். உன்ர கொம்பியூட்டருக்கு என்ன வருத்தமெண்டு பாப்பம்.

32 ஜிபி ரேம் இருந்தும் கேம் இழுக்குது. இன்னும் 32 போட்டால் பறக்கும். அதுக்கு அப்பப்பா காசு தரோணும். இதுதானே கதை? நேற்று நீ தேத்தண்ணி போடப் போன நேரம் டாஸ்க் மனேஜரைத் திறந்து பாத்தனான். கேம் ஓடிக்கொண்டிருக்க, 32இல 13தான் பிடிச்சிருக்கு. பாதிக் குதிர் வெறுமையாக் கிடக்க இன்னொரு குதிர் கட்டுறவனை ஊரில என்னெண்டு சொல்லுவினம் தெரியுமோ? சரி விடு, நீ படிச்ச பிள்ளை.

ரேம் காணாமல் வாறது வேற வருத்தம். இஞ்ச டென்மார்க்கில, எங்கட சில்க்போர்க் மியூசியத்தில படுத்திருக்கிறாரே டொலுண்ட் மனிசன், அவரைக் கேள். 1950இல சதுப்பு நிலத்தில கரிமண் வெட்டினவை ஆளைக் கண்டு, புதுக்கொலை எண்டு பொலிசுக்கு அறிவிச்சவை. ஆள் செத்து 2400 வருசம்! கடைசியாக் குடிச்ச பார்லிக் கஞ்சி வயித்துக்குள்ளயே கிடந்தது. உன்ர எஸ்எஸ்டி அந்தச் சேறு மாதிரி. கரண்ட் போனாலும் காக்கும், ஆனால் தோண்டி எடுக்கோணும். ரேம் அடுப்படித் தட்டு. கை நீட்டினால் எட்டும், கரண்ட் போனால் ஒண்டும் மிஞ்சாது. தட்டு நிரம்பி வழிஞ்சால் கொம்பியூட்டர் ஒவ்வொரு வாய்க் கஞ்சிக்கும் சேத்தைத் தோண்டப் போகும். அப்ப நூற்றுக்கணக்கான மடங்கு சுணக்கம். அந்த வருத்தமெண்டால் காசை நானே கொண்டு வந்து தருவன்.

உன்ர வருத்தம் சொருகின இடத்தில. ஏரியில யைலன் கப்பல் போறதைப் பாத்திருப்பாய். 1861இல இருந்து ஓடுது, இப்பவும் கரி எரிக்குது. என்னைவிட மூப்பு, உன்னைவிடச் சுறுசுறுப்பு. பக்கத்துக்கு ஒண்டா இரண்டு சக்கரம். இரண்டையும் ஒரே பக்கத்தில பூட்டியிருந்தால் ஹிம்மல்பியர்கெட் மலை அடிவாரம் போயிருக்காது, ஏரிக்குள்ளயே வட்டம் சுத்தியிருக்கும்.

நீ அதைத்தான் செய்து வச்சிருக்கிறாய். போர்டில நாலு ஸ்லொட். 16 ஜிபி ரேம் இரண்டையும் புரொசெசருக்குக் கிட்ட இருக்கிற முதல் இரண்டிலயும் சொருகியிருக்கிறாய். அது இரண்டும் ஒரே சனல், புரொசெசருக்குப் போற ஒரே பாதை. இரண்டாவதிலயும் நாலாவதிலயும் போட்டால்தான் இரண்டு சனலும் வேலை செய்யும். போர்டோட வந்த புத்தகத்தில படமே போட்டிருக்கு. புத்தகத்தின்ர பிளாஸ்டிக் உறையை நேற்று நான்தான் கிழிச்சனான்.

இன்னொண்டு. ரேம் பெட்டியில 3200 எண்டு எழுதியிருக்கு, ஸ்கிரீனில 2133 எண்டு காட்டுது. பயோசுக்குள்ள போய் எக்ஸ்எம்பியைத் திறந்துவிடாட்டில் அது அந்தச் சின்ன நடையிலதான் நடக்கும். கணக்குப் பார். 3200இல இரண்டு சனலும் ஓடினால் செக்கனுக்கு 51.2 ஜிபி போகலாம். 2133இல ஒரு சனலெண்டால் 17தான். மூண்டில ஒரு பங்கு! கொம்மா கடிதம் ரைப் பண்ணுற கொம்பியூட்டரில இந்தப் பிழை கண்ணுக்கே தெரியாது. நீ கிராபிக்ஸ் கார்ட் வேண்டாமல், புரொசெசருக்குள்ள இருக்கிறதை வச்சு விளையாடுறாய். அதுக்குத் தனி மெமரி இல்லை, இந்த ரேமிலதான் பங்கு கேட்டுச் சாப்பிடோணும். அதுதான் படம் விக்குது.

வேற கொம்பனி ரேம் இரண்டு மலிவாக் கிடக்கெண்டு சொல்லாதை. வடக்கன் மாட்டோட நாம்பன் கண்டைக் கட்டினால் வண்டில் நாம்பன்ர நடைக்குத்தான் போகும். நாலு ஸ்லொட்டும் நிரம்பினால், ஒரே சோடியா இருந்தாலும் சில போர்டு வேகத்தைக் குறைக்கப் பாக்கும்.

ஸ்க்ரூ டிரைவர் மேசை லாச்சிக்குள்ள இருக்கு. வயரைக் கழட்டிப்போட்டு, கையை ஒருக்கால் இரும்புப் பெட்டியில வச்சிட்டு ரேமைத் தொடு. எக்ஸ்எம்பி போட்டு உறைஞ்சு நிண்டால் வேகத்தை ஒரு படி இறக்கு. இவ்வளவும் செய்தும் இழுத்தால் வா, காசு தாறன். போக முதல் கோப்பையைக் கழுவி வை.